கட்டை முடியட்டும்

மேற்கு மலை எட்டிப் பார்க்கிற ஆனைவலசை என்னும் ஊரில், பிளைவுட் கம்பெனியின் உரிப்பு மிசினை ஓட்டுகிற தங்கப்பழம், அதே கம்பெனியில் தாள் தரம் பிரிக்கிற செண்பகவடிவிடம் தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்ட அன்றைக்குக் காலையில் மிசினில் ஏறிய மலைவேம்புக் கட்டை, அதற்கப்புறம் முடியவே இல்லை. கட்டையும் தேயவில்லை, கத்தியும் சலிக்கவில்லை, ஊரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழை பெய்தால் குடை பிடிக்கிறோம், கட்டை முடியாவிட்டால் தாளை அடுக்குவோம் என்று இருந்துவிட்டது.

உரிப்பு மிசின் செய்வது எளிய வேலைதான். ஊறவைத்த கட்டையை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்துச் சுழற்றும். கட்டை நீளத்துக்கு ஒரு கத்தி அதன்மேல் சாய்ந்து நிற்கும். சுருட்டி வைத்த பாயை ஒருவர் நுனி பிடித்து இழுத்தால் எப்படி வருமோ அப்படி மரம் மெல்லிசான தாளாக விரிந்து வந்துகொண்டே இருக்கும். வருகிற தாள் மேசைமேல் ஊர்ந்து செண்பகவடிவின் முன்னால் வந்ததும் அவள் ஒரு பார்வை பார்ப்பாள், ஒரு வார்த்தை சொல்வாள். அந்தக் கம்பெனியில் வார்த்தைகள் மூன்றே மூன்று. கணு இல்லாமல், கீறல் இல்லாமல், ஒரே நிறமாக வந்த தாள் பலகையின் மேல்பக்கத்துக்குப் போகும், அதுதான் நாலு பேர் பார்க்கிற பக்கம், அதற்குப் பேர் மூஞ்சி. சுவரைப் பார்த்து நிற்கப்போகிற அடிப்பக்கத்துக்கு ஒன்றிரண்டு சின்னக் கணு இருந்தால் மன்னிப்பு உண்டு, அது முதுகு. ஓட்டை, ஒட்டு, வெடிப்பு, செத்த கணு விழுந்த பொத்தல் எல்லாம் நடுவில் பசை தடவி ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக அடுக்கப்படும், அது வயிறு. வயிற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று யாரும் பலகையைப் பிளந்து பார்க்கப்போவதில்லை.

மிசின் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்று பன்னிரண்டு வருசமாகக் கத்திக் கத்தி, செண்பகவடிவின் குரல் ஒரு தனிக்குரல் ஆகிவிட்டது. அவள் “மூஞ்சி” என்றால் தாள் அடுக்குகிற பெண்கள் இரண்டு பேர் ஓரத்துக்கு ஒருவராகப் பிடித்து முன்வரிசைக்குக் கொண்டுபோவார்கள். “வயிறு” என்றால் பின்னால் தள்ளிவிடுவார்கள். கண்ணால் பார்க்கக்கூட மாட்டார்கள், காது கேட்டதும் கை தூக்கிவிடும்.

இடது கன்னத்தில், உதட்டுக்குச் சற்று மேலே, அவளுக்கு ஒரு கருத்த மறு. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேசரி தின்றார்கள், குணத்தை மெச்சினார்கள், அந்த மறுவைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். கடைசியாக வந்த மாப்பிள்ளையின் அம்மா மட்டும் மனசில் பட்டதை வாய்விட்டுச் சொன்னாள்: “வீட்டோட இருக்கதுக்கு நல்ல புள்ளதான், சபையில முன்னால நிறுத்த முடியாதே.” மறுநாள் கம்பெனியில் செண்பகவடிவு இதைத் தானே நடித்துக் காட்டி, “என்னைய வயித்துக்குள்ள போட்டுட்டாவ” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவள்தான் அதிகம் சிரித்தாள். அவளுக்கு வலித்தது என்பது தங்கப்பழத்துக்கு மட்டும் தெரிந்தது, ஏனென்றால் அன்று மத்தியானம் ஒரு மயிரிழைக் கீறல் இருந்த நல்ல நல்ல தாளையெல்லாம் அவள் வயிற்றுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

தங்கப்பழம் தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் காதோரம் நரைத்துப்போனவன். நல்ல வேலைக்காரன், ஆனால் பேச்சில் நேர்வழி கிடையாது. தாகமாக இருந்தால் வெயிலைப் பற்றிப் பேசுவான், பசித்தால் மணியைக் கேட்பான். கம்பெனியில் அவனைவிட இளையவர்கள் எல்லோரும் அவனை அண்ணாச்சி என்று கூப்பிட, செண்பகவடிவு மட்டும் பன்னிரண்டு வருசமாக ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. “மிசின்காரரே” என்பாள். ஊருக்கு விசயம் தெரிந்தது அந்த ஒரு வார்த்தையால்தான். தெரிந்தும் யாரும் கேட்டதில்லை. கனிகிற பழத்தை அமுக்கிப் பார்க்கக்கூடாது என்று விட்டிருந்தார்கள்.

அந்தப் பங்குனி மாதக் காலையில் தங்கப்பழம் கட்டையை மாட்டி மிசினை ஓடவிட்டுவிட்டு அவள் பக்கமாக வந்து நின்றான்.

“வடிவு, டீ குடிச்சாச்சா?”

“ஆச்சு.”

“இன்னைக்குப் பசை நாத்தம் கொஞ்சம் தூக்கலா இருக்கு.”

“தெனமும் இருக்கதுதான்.”

“கத்தி புதுசாத் தீட்டியிருக்கேன்.”

“தாளப் பாத்தாத் தெரியுது.”

“என்னையக் கட்டிக்கிடுதியா?”

செண்பகவடிவுக்குக் காது மடல் சுட்டது. சரி என்கிற வார்த்தை தொண்டையைத் தாண்டிப் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. ஆனால் மிசினில் கட்டை இருந்தது. கட்டை ஓடுகிறபோது எந்தப் பெரிய பேச்சுக்கும் முடிவு சொல்லக்கூடாது என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். முதலாளியின் வாப்பா காலத்தில் ஒரு மிசின்காரர் மகன் பிறந்த சேதியைக் கேட்டுத் திரும்பிப் பார்த்து ஒரு விரலைக் கத்திக்குக் கொடுத்ததிலிருந்து வந்த வழக்கம். நாளடைவில் அது கம்பெனியைவிட்டு இறங்கி ஊருக்குள்ளும் போய், மிட்டாய் கேட்கிற பிள்ளைக்கு அம்மாவும், வேட்டி கேட்கிற புருசனுக்குப் பெண்டாட்டியும், ரோடு கேட்கிற ஊருக்குப் பஞ்சாயத்துத் தலைவரும் சொல்கிற பதிலாகிவிட்டது.

“கட்டை முடியட்டும், சொல்லுதேன்” என்றாள் செண்பகவடிவு. ஒரு கட்டை முடிய, சூடான டீயை ஆற்றிக் குடிக்கிற நேரம்தான் ஆகும்.

அந்தக் கட்டையில் ஒரு கணு இருந்தது. கட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் தாளில் ஒரு கணு விழும், அடுத்த சுற்றில் அதே கணு மறுபடியும் விழும். கட்டை மெலிய மெலியச் சுற்றளவு குறைவதால் கணுவும் கணுவும் நெருங்கி நெருங்கி வரவேண்டும். அதைப் பார்த்தே கட்டை முடியப்போகிறதை அவள் சொல்லிவிடுவாள். அன்றைக்கு அவள் இருந்த அவசரத்தில் கணுவைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கணு வந்தது, ஆறடி தள்ளி இன்னொன்று வந்தது, அதற்கு ஆறடி தள்ளி இன்னொன்று வந்தது. டேப்பை வைத்துப் பார்த்தாள். ஆறடிதான்.

“மிசின்காரரே, கணு நெருங்கல.”

“நெருங்கலயா?”

“நெருங்கல.”

தங்கப்பழம் போய்க் கட்டையைப் பார்த்தான். அது காலையில் ஏறினபோது இருந்த உடம்போடு சுற்றிக்கொண்டிருந்தது. முதலாளி சேக் உதுமான் வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்த்தார். தாடியைத் தடவினார்.

“ஆண்டவன் கொடுக்கான். நாம எதுக்கு சுவிச்ச அணைக்கணும்? ஓடட்டும்” என்றார்.

ஓடியது. சாயங்காலம் நிறுத்தி, விடிந்ததும் ஓட்ட, விட்ட இடத்திலிருந்து ஓடியது. கணு பெரிசாக இருந்ததால் செண்பகவடிவு ஒவ்வொரு தாளுக்கும் “வயிறு” என்றாள். வயிற்றுக்கான தாள் கொட்டகையை நிறைத்து, உலர்த்துகிற அறையை நிறைத்து, வாசலைத் தாண்டி, வெட்ட ஆள் போதாமல் ஒரே நீளமாகத் தெருவில் இறங்கி, டீக்கடைத் திருப்பத்தில் திரும்பி, பள்ளிவாசல் சுவரையும் மாரியம்மன் கோவில் சுவரையும் ஒட்டி நடந்து, குளத்துக் கரைமேல் ஏறி, ரயில் நிலையம் வரைக்கும் போய், அங்கே வெயிலில் காய்ந்தது. பெண்கள் அதைக் கொடியில் போட்டார்கள், ஆட்டுக்குட்டிகள் அதன் கீழே படுத்தன, செங்கோட்டை பாசஞ்சரில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தடவிப் பார்த்து, பச்சை மரத்து வாசனையை உள்ளங்கையில் கொண்டுபோனார்கள். ஆனைவலசைக்காரர்கள் தகரம் அடித்த இடத்தில் எல்லாம் தாள் ஒட்டிக்கொண்டார்கள், ஓட்டுக்குக் கீழே மச்சுப் போட்டார்கள், பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வகுப்பு மறைப்பு எழும்பியதால் மூன்றாம் வகுப்புக்காரர்கள் முதல் தடவையாக நாலாம் வகுப்பு வாய்ப்பாட்டைக் கேட்காமல் தங்கள் வாய்ப்பாட்டைப் படித்தார்கள், பரோட்டாக் கடையில் பார்சலைத் தாளில் மடித்துக் கொடுத்தார்கள், சாமி ஊர்வலத்துக்குத் தாளிலேயே சப்பரம் கட்டினார்கள், சந்தனக்கூட்டுக்கும் தாளிலேயே கூடு கட்டினார்கள். தூரத்தை மீட்டரில் சொல்வதை விட்டுவிட்டார்கள். எங்கே பார்த்தாலும் ஆறடிக்கு ஒரு கணு இருந்ததால், மருந்துக்கடை எங்கே என்றால் “அந்தா, ஏழெட்டுக் கணு தள்ளி” என்று சொல்ல, பஸ் கண்டக்டரும் அதைப் பழகிக்கொண்டார்.

இவ்வளவு நடந்தும், கட்டை ஏன் முடியவில்லை என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. டீக்கடையில் சண்டை வேறொன்றைப் பற்றி இருந்தது. கட்டை முடிந்தால்தான் வடிவு பதில் சொல்வாள் என்று ஒரு கட்சி. இல்லை, வடிவு பதில் சொன்னால்தான் கட்டை முடியும் என்று இன்னொரு கட்சி. எந்தக் கட்சி சரி என்று தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோரும் அவளிடம் வந்தார்கள். தலைமை டீச்சர் வந்து, “ஏ வடிவு, அஞ்சாம் வகுப்புக்கும் மறைப்பு அடிச்சிருதோம், அதுவரைக்கும் அவருட்ட ஒண்ணும் சொல்லிராதம்மா” என்றாள். கோவில்காரர்கள் கொடைத் திருவிழா முடியட்டும் என்றார்கள். முதலாளி ஒரு தட்டு நிறைய அல்வாவோடு வந்து, ஒன்றுமே கேட்காமல் அல்வாவை வைத்துவிட்டுப் போனார், அதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேண்டுதல். அவளுடைய அண்ணன் பெண்டாட்டி பூரணம்கூடப் புதுச் சமையல்கட்டின் தடுப்பைக் காட்டி, “இன்னும் ஒரு பக்கந்தான் வடிவு” என்றாள்.

யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாதவள் செண்பகவடிவு. எல்லோருக்கும் சரி என்றாள். தங்கப்பழத்துக்கு மட்டும் சொல்ல முடியாமல் இருந்தாள். தலையை ஆட்டினால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு கட்டை நின்றுவிடுமோ என்று கழுத்தைக்கூட அசைக்காமல் வேலை பார்த்தாள். சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால்கூட வாயால்தான் சொன்னாள். அந்தச் சரி என்கிற வார்த்தை பங்குனியில் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது நின்றதுதான், சோறு தின்னும்போது ஒதுக்கிவைத்துத் தின்ன வேண்டியிருந்தது. ஒருவர் கேட்டு, அதற்குத் தானே மனசாரச் சொல்லப்போகிற பதிலை வாய்க்குள் வைத்திருப்பது முதலில் தித்திப்பாக இருந்தது. ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தபோது அது கனத்தது.

சாரல் தொடங்கியதும் தாள் காயவில்லை. தெருவில் கிடந்ததையெல்லாம் சுருட்டித் திண்டுகளாக்கிச் சுவரோரம் வைத்தார்கள், பிள்ளைகள் அதில் ஏறிக் குதித்தார்கள். அப்படி ஒரு நசநசவென்ற காலையில் தங்கப்பழம் மறுபடியும் அவள் பக்கமாக வந்து நின்றான்.

“டீ குடிச்சாச்சா?”

“ஆச்சு.”

“இங்க சாரலுக்கே இப்படி இருக்கு. பெரும்பாவூர்ல மழை இன்னும் ஜாஸ்தியாமே.”

“இருக்கும்.”

“அங்க மிசினெல்லாம் புதுசாம்.”

“அப்படியா.”

“கேரளாப் புழுங்கலரிசிச் சோறு பெருசு பெருசா இருக்குமாம். எனக்கு வயித்துக்கு ஒத்துக்கிடுமான்னு தெரியல.”

செண்பகவடிவு தாளைவிட்டுக் கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள். அவன் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்ததை அவளால் படிக்க முடிந்தது, பன்னிரண்டு வருசமாக அவள் படிக்கிற தாள் அது. இத்தனை மாதமாக அவள் சொல்லாமல் இருந்ததை அவன் சம்மதம் இல்லை என்றே எடுத்துக்கொண்டிருந்தான். அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று கேரளாவுக்குப் போகப்போகிறான். போகிறேன் என்பதைக்கூடச் சோற்றுப் பருக்கை வழியாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

“எதுக்கு இப்படிச் சுத்திச் சுத்தி வாறீரு?” என்றாள். “நேராச் சொல்லித் தொலையுமே.”

சொன்னவள் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டாள். மிசினைப் பார்த்தாள். கட்டை சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மூலையில் தார்ப்பாய் மூடிக் கிடந்த ரம்பத்தைப் பார்த்தாள். எப்போதாவது தேக்கு வந்தால் மட்டும் அதை எழுப்புவார்கள். தேக்கை யாரும் சுற்றி உரிப்பதில்லை. ரம்பத்தில் நேராக இரண்டாகப் பிளந்து, பிறகு பாதியைப் படுக்க வைத்துத் தாள் தாளாகச் சீவுவார்கள், அப்போதுதான் ரேகை அலையாமல் கோபுரம் கோபுரமாக எழும்பி வரும். சுற்றி உரித்தால் மரத்தின் மேல்தோலையே தொட்டுக்கொண்டிருக்கலாம். நேராகப் போனால் நெஞ்சு வரைக்கும் போகலாம். இது கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, அதுவரைக்கும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

“மிசினை நிறுத்தும்” என்றாள்.

அவன் நிறுத்தினான். பங்குனிக்கப்புறம் பகலில் முதல் தடவையாக ஆனைவலசையில் சத்தம் ஓய்ந்தது. ஊர் திடுக்கிட்டுப் போய்த் தெருவுக்கு வந்தது. கணு கணுவாகத் தாண்டி எல்லோரும் கம்பெனிக்கு ஓடிவந்தபோது, கட்டையைக் கவ்வியிருந்த பிடியைத் தங்கப்பழம் தளர்த்திக்கொண்டிருந்தான்.

“கட்டை முடியலயே வடிவு” என்றார் முதலாளி.

“முடிக்கத்தான் போறேன் மொதலாளி. உரிச்சுத்தான் முடிக்கணும்னு யாரு சொன்னா? அறுத்தும் முடிக்கலாம்லா.”

“இனிமே தாள் வராதே.”

“வராது” என்றாள் செண்பகவடிவு. அவள் வாழ்க்கையில் ஒருவருக்குச் சொன்ன முதல் இல்லை அதுவாகத்தான் இருக்கும்.

அஞ்சாம் வகுப்பு மறைப்பு, கோவில் கொடை, சமையல்கட்டின் இன்னொரு பக்கம் எல்லாம் எல்லோர் மனசிலும் ஓடின. அப்புறம் தலைமை டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அஞ்சாம் வகுப்புக்கு எதுக்கு மறைப்பு? காத்து வரட்டும்” என்றாள். கோவில்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டையைத் தூக்கக் குனிந்தார்கள். ஊர் மொத்தமும் மாதக்கணக்காக ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தது என்பது அப்போதுதான் அவர்களுக்கே உறைத்தது.

ரம்பத்தின் முன்னால் கட்டை படுத்ததும் செண்பகவடிவு சாக்பீஸால் கோடு போட்டாள். கோடு கணுவின் நடுவே போனது.

“கணு மேலயா?” என்றான் தங்கப்பழம். கணுவை ஒதுக்கி அறுப்பதுதான் எங்கேயும் முறை.

“கணு மேலதான். அறும்.”

ரம்பம் நுழைந்தது. இத்தனை மாதம் ஊருக்கே தாள் கொடுத்த கட்டை, வெண்ணெய்க் கட்டி போல இடம்விட்டு, இரண்டாகப் பிளந்து, புத்தகத்தை விரித்த மாதிரி இடதும் வலதுமாகச் சாய்ந்தது. உள்ளே கணு என்று ஒன்று இல்லை. ஒரு கிளை இருந்தது. மரத்தின் நெஞ்சுத்தண்டில், அது கன்றாக இருந்த காலத்திலேயே முளைத்து, வருசத்துக்கு ஒரு வளையமாக மரத்தைத் துளைத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்த கிளை. அதைச் சுற்றி மரத்தின் ரேகையெல்லாம் வளைந்து, செம்பொன் நிறத்தில் தோகை தோகையாக விரிந்திருந்தது, இந்தப் பக்கம் ஒரு தோகை, அந்தப் பக்கம் அதன் ஜோடி. சுற்றிச் சுற்றி உரித்தபோதெல்லாம் அந்தக் கிளையின் முனையைத்தான் ஒரு கருத்த பொட்டாக அது அவளிடம் காட்டிக்கொண்டிருந்தது. அவளும் அதை ஒவ்வொரு தடவையும் வயிற்றுக்குத் தள்ளியிருந்தாள்.

முதலாளி உதுமான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். செண்பகவடிவின் கை அவளுக்குத் தெரியாமலே கன்னத்துக்குப் போய், அந்த மறுவைத் தொட்டு, அங்கேயே கொஞ்சம் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. மற்றவர்களைச் சிரிக்க வைப்பதற்காகச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, இது அவளுக்கே அவளுக்காக வந்தது.

தங்கப்பழம் கட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வெயிலைப் பற்றி ஏதாவது சொல்லலாமா என்று வானத்தைப் பார்த்தான், வெயில் இல்லை.

“கட்டை முடிஞ்சிட்டு, வடிவு” என்றான் நேராக.

அவள் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தாளைப் பார்க்கிற மாதிரியே அவனை மேலிருந்து கீழே பார்த்தாள். காதோர நரையைப் பார்த்தாள், சட்டையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தாள், தங்கச்சிமார் கல்யாணங்களில் ஓடி ஓடி விழுந்திருந்த நெற்றிக் கோடுகளைப் பார்த்தாள், ஒரு தாளுக்குக்கூட அவள் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. பிறகு, பன்னிரண்டு வருசமாக மிசின் சத்தத்துக்கு மேலே ஏறிப் பழகிய குரலில், மிசின் ஓய்ந்துபோன ஊரில், ரயில் நிலையத்தில் கொடி பிடித்து நின்றவருக்கும் கேட்கும்படி, பங்குனியிலிருந்து பல்லுக்குப் பின்னால் நின்ற பதிலைச் சொன்னாள்.

“மூஞ்சி.”

தாள் அடுக்குகிற பெண்கள் இரண்டு பேரும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. காது கேட்டதும் வழக்கம்போலக் கை தூக்கிவிட்டது. ஓரத்துக்கு ஒருவராகத் தங்கப்பழத்தைப் பிடித்துத் தூக்கி, சனங்கள் விலகி வழிவிட, முன்வரிசைக்குக் கொண்டுபோனார்கள். அவனும் எங்கேயும் மடங்காமல், விறைப்பாக, நல்ல தாள் மாதிரிப் போனான்.